மணிக்கு நாலு மைல்

சன்னாசி மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொண்டது மொத்தம் பதினொரு தடவை. அவர் வாயால் கேட்டால் அது நாற்பதைத் தாண்டும். பக்கத்தில் கோப்பி ஊற்றிக்கொண்டு நிற்கும் மனைவி வீரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் மறுபடியும் பதினொன்றுக்கு வந்து சேரும்.

பதினொன்றில் ஒன்றில்கூட அவர் முதலாவதாக வந்ததில்லை. 1973இல் ஈப்போ நகரச் சாலைகளை மறித்து நடத்திய பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார். அன்று காலை ஏதோ ஒரு லோரி எண்ணெய் சிந்திவிட்டுப் போயிருந்த வளைவில் எட்டுப் பேரில் ஐந்து பேர் வரிசையாகச் சறுக்கி விழுந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் வந்த சன்னாசிக்கு நின்று பார்த்து, சுற்றிக்கொண்டு போக அவகாசம் கிடைத்தது. மிச்சம் இருந்தது மூன்றே பேர். பரிசாகக் கிடைத்த கோப்பை அவித்த முட்டையை நிறுத்தி வைக்கும் கிண்ணம் அளவுக்கு இருந்தது.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் இருந்தவர் முதலாவதாக வந்த ஈப்போ அப்துல் நாசர். கீழே போட்டிருந்த பெயர் சன்னாசி. தலைக்கவசம் முகத்தை மூடியிருந்ததால் ஊரில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அச்சுக் கோத்தவர் அவசரத்தில் செய்த அந்த ஒரு பிழையின் மேல்தான் சன்னாசி தம் மீதி வாழ்க்கையைக் கட்டி எழுப்பினார்.

கடைசிப் பந்தயம் 1975இல். அதில் விழுந்து கால் ஒடிந்தது. எப்படி விழுந்தார் என்று கேட்டால், எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தது, குழந்தையைக் காப்பாற்றி என் காலைக் கொடுத்தேன் என்பார். அந்தக் குழந்தைக்கு வருஷா வருஷம் வயது குறைந்துகொண்டே வந்தது. 1980 வாக்கில் அது தவழ்ந்துகொண்டிருந்தது. வீரம்மா அன்று வேலியோரம் நின்றவள். குழந்தை எதையும் அவள் பார்க்கவில்லை. ஒரு படக்காரர் நின்றிருந்தார். அவரைப் பார்த்து சன்னாசி ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். மோட்டாரைப் பிடித்துக்கொள்ள மிச்சம் இருந்த ஒரு கை போதவில்லை. அவருக்கு முன்னாலும் பின்னாலும் அப்போது யாரும் இல்லை, ஏனென்றால் மற்றவர்களெல்லாம் ஒரு சுற்று முன்னதாகவே போய்விட்டிருந்தார்கள்.

மூன்று மாதம் ஆஸ்பத்திரி. முழங்காலுக்குள் ஓர் இரும்புத் துண்டு. வீரம்மா விடியலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, தோட்டத்து ஸ்டோரில் ஊற்றி, மத்தியான பஸ் பிடித்து ஈப்போவுக்குப் போய்க் கஞ்சி ஊட்டிவிட்டுத் திரும்புவாள். அந்தக் காலத்தைப் பற்றிச் சன்னாசி சொல்லும் கதையில் நர்சுகள் வருவார்கள், வெள்ளைக்கார டாக்டர் வருவார், பூச்செண்டோடு ரசிகர்கள் வருவார்கள். கஞ்சி வராது.

தாப்பாவிலிருந்து மலை ஏறும் ரோட்டில் மூன்றாம் மைல்கட்டைக்குப் பக்கத்தில் இருந்தது வீரம்மா பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம். 1977இல் அதைத் துண்டு துண்டாக விற்றார்கள். பால் மரங்கள் விழுந்தன, எண்ணெய்க்கான செம்பனைக் கன்றுகள் முளைத்தன, லயத்து வீடுகளில் இருந்த தோட்டச் சனங்கள் ஈப்போவுக்கும் காம்பாருக்கும் வேலை தேடிப் போனார்கள். தோட்டத்து உதவி மேலாளரான சின்னத் தொரை இருந்த பங்களா மட்டும் யாருக்கும் வேண்டாததாக நின்றது. அந்தத் துண்டை வாங்கிய காம்பார் சீன முதலாளித் தவுக்கேவுக்குக் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. சன்னாசி போய்ப் பேசி, ஆறு அறையும் அகலமான வராந்தாவும் கொண்ட அந்த வீட்டுக்குக் குடிவந்தார். சிறுமியாக இருந்தபோது அந்தப் பங்களாவின் படியில் கால் வைக்க வீரம்மாவுக்கு அனுமதி கிடையாது. இப்போது அந்தப் படியைத் தினம் இரண்டு தடவை கழுவும் உரிமை அவளுக்குக் கிடைத்தது.

கேமரன் மலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்காரர்கள் சனிக்கிழமை ஆனால் அந்த ரோட்டில் இரைச்சலோடு போவார்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கிலிருந்து வருகிறவர்கள். இவர்கள் தங்கிப்போக ஓர் இடம் வேண்டும் என்பது சன்னாசிக்குத் தோன்றியது. அவருக்கு வாழ்நாளில் தோன்றிய ஒரே நல்ல யோசனை அதுதான் என்று வீரம்மாவே ஒப்புக்கொள்வாள். 1978இல் 'சாம்பியன் லாட்ஜ்' என்று மூன்று மொழியில் பலகை ஏறியது. அறைகளுக்குத் தாம் ஓடியதாகச் சொன்ன ஊர்களின் பெயரை வைத்தார்: ஈப்போ, பினாங்கு, ஜோகூர், சிங்கப்பூர், மக்காவ். மக்காவ் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஒழுகும் அறைக்குத்தான் அந்தப் பெயர். "மக்காவ்ல எப்பவும் மழதான் தம்பி" என்று சொல்லி வாளியை நகர்த்தி வைப்பார். ஆறாவது அறைக்குப் பெயர் இல்லை. அதில் இவர்கள் இரண்டு பேரும் படுத்தார்கள்.

வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை பேங்கிலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முத்திரை குத்துகிறவர்கள், சனிக்கிழமை கறுப்புத் தோல் சட்டை மாட்டிக்கொண்டு வேர்த்து வேர்த்து வீரர்களானார்கள். சாயங்காலம் வராந்தாவில் சன்னாசி ஒரு தட்டையும் கரண்டியையும் வைத்து வளைவில் எப்படிச் சாய்வது என்று வகுப்பெடுப்பார். தட்டுதான் வளைவு, கரண்டிதான் மோட்டார்.

"பிரேக்கு ஒண்ணு இருக்கறதையே மறந்துரணும். பிரேக்கப் புடிக்கிறவன் பயந்தாங்கொள்ளி லா."

தைப்பிங்கிலிருந்து வந்த ஓர் இன்சூரன்ஸ்காரர் இதை வேதமாக எடுத்துக்கொண்டு மறுநாள் மலையேறினார். மத்தியானம் கையில் கட்டோடும், தாம் போய் மோதிய காய்கறிக் கடையில் நஷ்டத்துக்காகத் தலையில் கட்டிவிட்ட இரண்டு கோஸோடும் திரும்பி வந்தார். "அண்ணே, நீங்க சொன்னது சரிதான். கடைசி நேரத்துல பிரேக்கு ஞாபகம் வந்திருச்சு. தப்பு என் மேல" என்றார். சன்னாசி மன்னித்தார். வீரம்மா கோஸைப் பொரியல் செய்தாள்.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்த சன்னாசி, 1975க்குப் பிறகு ஒரு நாள்கூட மோட்டார் ஓட்டவில்லை. யாராவது கேட்டால் டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டதாகச் சொல்வார். எந்த டாக்டரும் அப்படிச் சொன்னதில்லை. பாசாருக்குப் போய் மீனும் காயும் வாங்கி வருவது வீரம்மாதான், ஹோண்டா கப் என்ற ஒரு பழைய சின்ன மோட்டாரில். சில நாள் சன்னாசியும் பின்னால் ஏறிக்கொள்வார். ஒரு கையில் குடை, மறு கையில் கோழிக் கூடை. தாப்பா பாசாரில் எல்லோரும் சிரிப்பார்கள்.

"என்ன சாம்பியன், பின்னால குந்திட்டு வாரீங்க?"

"எஞ்சின் சத்தம் கேட்டுக்கிட்டு வாரேன் லா. முன்னால ஒக்காந்தா சத்தம் சரியாக் கேக்காது."

அவர் பயப்படுகிறார் என்பது வீரம்மாவுக்கு முதல் வருஷமே தெரியும். அவருடைய சட்டையைத் துவைத்து மடித்து வைப்பதுபோல அவருடைய பொய்யையும் சுருக்கமில்லாமல் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். லாட்ஜ் அந்தப் பொய்யில்தான் ஓடுகிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

1986இல் பொங்கல் முடிந்த வாரம் பழனியப்பன் வந்தார். தாப்பா வட்டார இந்திய இளைஞர் மோட்டார் சைக்கிள் சங்கத்தின் தலைவர். வயது ஐம்பத்திரண்டு. வந்தது காரில். தம்மைவிடப் பன்னிரண்டு வயது இளையவரை அவர் அண்ணே என்று அழைத்தார். சங்கத் தேர்தல் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"அண்ணே, நம்ம சமுதாயத்துல சாதிச்சவங்கள நாமளே கண்டுக்கலன்னா வேற யாரு கண்டுக்குவா? தீர்மானம் போட்டாச்சு. சித்திரப் புத்தாண்டுக்கு ஒங்களுக்கு 'வேகத் திலகம்' பட்டம்."

"எனக்கு எதுக்குலா இதெல்லாம்" என்றார் சன்னாசி. சொல்லும்போதே நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அப்படிச் சொல்லக் கூடாது. ஒங்க அடக்கம் எங்களுக்குத் தெரியாதா?"

"சரி. இவ்வளவு தூரம் வந்து கேக்குறீங்க. முடியாதுன்னா மரியாதயா இருக்காது."

அப்புறம்தான் பழனியப்பன் மிச்சத்தைச் சொன்னார். பாசாரிலிருந்து சீனப் பள்ளி மண்டபம் வரைக்கும் ஊர்வலம். இரண்டு மைல். நாற்பது மோட்டார் சைக்கிள். எல்லாவற்றுக்கும் முன்னால் வேகத் திலகம் ஓட்டிக்கொண்டு போகிறார்.

எண்ணெயில் பொரித்த வாழைப்பழ கோரெங் தட்டோடு வந்த வீரம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள். சன்னாசியின் முகம் மக்காவ் அறைச் சுவர் மாதிரி ஈரமாகிக்கொண்டிருந்தது.

"டாக்டரு கூடாதுன்னுட்டாரு..."

"ஒரு டாக்டர நம்ம கார்லயே ஏத்திட்டுப் பின்னால வாரேன்ணே. ரெண்டு மைலுதான் லா."

"எங்கிட்ட பந்தய மோட்டரும் இல்லியே."

"அதுக்கும் ஏற்பாடு பண்ணியாச்சு. ஈப்போ அப்துல் நாசர் தாரேன்னுட்டாரு. ஐநூறு சிசி. அவருதான் சிறப்பு விருந்தினர்."

சன்னாசி திரும்பி வரவேற்பறைச் சுவரைப் பார்த்தார். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் அப்துல் நாசர் தலைக்கவசத்தோடு சாய்ந்துகொண்டிருந்தார், கீழே சன்னாசி என்ற பெயரோடு.

அடுத்த மூன்று நாள் அவர் வகுப்பெடுக்கவில்லை. நோய் வரவழைக்கப் பாடுபட்டார். மழையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். காய்ச்சல் வராமல் பசி வந்தது. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்துல் நாசர் வந்தார். பழைய சாம்பியனுக்கு இப்போது ஈப்போவில் நாசி கண்டார் சோற்றுக் கடை, கடைக்கு ஏற்ற வயிறு. ஐநூறு சிசி மோட்டார் ஒரு காய்கறி லோரியின் பின்புறம் கயிற்றில் கட்டப்பட்டு வந்தது. நாசர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சன்னாசி அவசரமாகக் குளிக்கப் போய்விட்டார். அது அன்றைக்கு அவருடைய மூன்றாவது குளியல்.

நாசர் சுவரில் இருந்த படத்தின் முன்னால் நின்றார். பெயரைப் படித்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். வீரம்மா கையில் தேநீர்த் தம்ளரோடு காத்திருந்தாள். இப்போது கத்துவார், சட்டத்தைக் கழற்றுவார், விருந்தினர் முன்னால் மானம் போகும் என்று எண்ணிக்கொண்டாள்.

"நா ஒல்லியா எவ்வளவு அழகா இருந்திருக்கேன் தங்கச்சி" என்றார் நாசர்.

அவள் தம்ளரை நீட்டினாள்.

"அவரு மோட்டர் ஓட்டி எத்தன வருஷமாச்சு? உண்மயச் சொல்லு."

"பதினோரு வருஷம்ண்ணே."

நாசர் சிரிக்க ஆரம்பித்தார். கைலி அவிழும் அளவுக்குச் சிரித்தார். வீரம்மாவுக்குக் கோபம் வந்தது. "என்னண்ணே சிரிப்பு? விழுந்து கால ஒடச்சவருக்குப் பயம் இருக்காதா?"

"அலமாக், அதுக்கில்ல தங்கச்சி." நாசர் வெளியே நின்ற லோரியைக் காட்டினார். "அத ஏன் லோரில கொண்டாந்தேன்னு நெனைக்கிற? நான் ஓட்டி எட்டு வருஷமாச்சு. கடையில ஒரு பய நம்ப மாட்டான். வாசல்ல நிப்பாட்டித் தொடச்சு வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

குளித்து முடித்து வந்த சன்னாசி, இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பதைப் பார்த்து இன்னொரு தடவை குளிக்கப் போகலாமா என்று யோசித்தார்.

அன்று மத்தியானம் வீரம்மா முடிவு சொன்னாள். ஐநூறு சிசி வேண்டாம். ஹோண்டா கப் போதும். நாளைக் காலையிலிருந்து பயிற்சி.

"யாரு சொல்லிக் குடுக்கப் போறா?" என்றார் சன்னாசி.

"நாந்தான். வேற யாரு இருக்கா இங்க மோட்டர் ஓட்டத் தெரிஞ்சவங்க?"

விருந்தினர்கள் எழுவதற்கு முன்னால், ஆறரை மணிக்கு, பங்களாவுக்குப் பின்னால் செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் பாதைக்குப் போனார்கள். முன்பு அங்கே வீரம்மா பால் வெட்டிய ரப்பர் நிரை இருந்தது. இருட்டிலும் எந்த மரம் எங்கே நின்றது என்று அவளுக்குத் தெரியும். சன்னாசி மோட்டாரில் உட்கார்ந்தார். ஹேண்டிலைப் பிடித்தார். முதல் நாள் எஞ்சினை முடுக்காமலேயே திரும்பினார்கள். இரண்டாம் நாள் எஞ்சின் முடுக்கப்பட்டது, சன்னாசி இறங்கிவிட்டார். பாதையோரம் குந்தி முகத்தை மூடிக்கொண்டார்.

"அந்தச் சத்தம் கேட்டா ஒக்கார முடியல வீரம்மா. அன்னிக்கு எலும்பு ஒடஞ்ச சத்தம் அதுக்குள்ளதான் இருக்கு. எனக்கு மட்டுந்தான் கேக்குது."

பதினோரு வருஷத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அது. வீரம்மா பால் வெட்டுக்காரி, விடிந்தால் வேலை. "சரி, கேக்கட்டும். ஏறுங்க" என்றாள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு காட்சி பழகிப்போயிருந்தது: முன்னால் நடுங்கிக்கொண்டே ஊர்ந்துபோகும் ஹோண்டா கப், பின்னால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு புடவையைத் தூக்கிச் செருகி ஓடும் வீரம்மா. "கால கீழ வைக்காதீங்க! கால கீழ வைக்காதீங்க!" நான்காவது தடவை கால் கீழே போனால், "யோவ், கால வைக்காதய்யா!" இரண்டு தடவை கால்வாயில் விழுந்தார்கள். அவர் இரண்டாவது கியருக்குப் போக மறுத்துவிட்டார். "ஒண்ணு போதும் வீரம்மா. ரெண்டு எதுக்கு, நாம என்ன சிங்கப்பூருக்கா போறோம்?"

நான்காவது வாரம் ஒரு காலையில் சிங்கப்பூர் விருந்தாளி ஒருவர் சீக்கிரம் எழுந்து செம்பனைப் பக்கம் நடந்து வந்துவிட்டார். மோட்டாரையும் ஓடும் வீரம்மாவையும் பார்த்து வாயைப் பிளந்தார்.

"என்ன மாஸ்டர், காலங்காத்தால?"

சன்னாசி ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. ஊர்ந்துகொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னார்: "இவளுக்குக் கத்துக் குடுக்குறேன் தம்பி. எவ்வளவு சொன்னாலும் மண்டயில ஏற மாட்டேங்குது."

வீரம்மாவின் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. புடவை ஓரமெல்லாம் சேறு. வலது முழங்கையில் நேற்று விழுந்த சிராய்ப்பு எரிந்தது. அவள் இருக்கையிலிருந்து கையை எடுத்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். விழட்டும். இந்தச் சிங்கப்பூர்க்காரன் முன்னாலேயே விழட்டும்.

சன்னாசி விழவில்லை. அவள் பிடித்திருக்கிறாள் என்ற நம்பிக்கையில் பேசிக்கொண்டே போனார். வளைவில் ஹேண்டிலை எப்படிப் பிடிக்க வேண்டும், பெண்களுக்கு ஏன் அது வராது என்று சொல்லிக்கொண்டே ஐம்பது கஜம் போனார். பதில் வராததால் திரும்பிப் பார்த்தார். வீரம்மா தூரத்தில் சின்னதாக நின்றாள். அப்போதுதான் விழுந்தார்.

சிங்கப்பூர்க்காரர் ஓடிப்போய்த் தூக்கினார். "மாஸ்டர், எப்படி விழணும்னும் சொல்லிக் குடுக்குறீங்களா?"

"ஆமா" என்றார் சன்னாசி, வாயிலிருந்த மண்ணைத் துப்பிக்கொண்டே. "அதுதான் முக்கியம்."

அன்று முழுவதும் வீரம்மா அவரோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் ஆறரைக்கு மோட்டாரை அவள்தான் தள்ளிக்கொண்டு வந்தாள். இருக்கையை அதற்கப்புறம் பிடிக்கவில்லை.

சித்திரை முதல் நாள் தாப்பா பாசாரில் கூட்டம். கோமாளி மாதிரி இருக்கிறது என்று வீரம்மா தடுத்தும் கேட்காமல் சன்னாசி பழைய பந்தயத் தோல் உடையைப் போட்டிருந்தார். 1975இல் அது உடலோடு ஒட்டியிருந்தது. இப்போது உடலில் பாதியோடு ஒட்டியிருந்தது. மீதிப் பாதிக்கு ஊக்கு. ஹோண்டா கப்பைப் பார்த்துப் பழனியப்பன் அதிர்ந்து போனார். சன்னாசி கையை உயர்த்தினார்.

"உண்மையான வீரனுக்குப் பெரிய மோட்டர் எதுக்கு லா?"

கைதட்டல். ஐநூறு சிசி மோட்டாருக்கு மாலை போட்டு லோரியில் ஏற்றினார்கள். முதுகு வலி என்று சொன்ன அப்துல் நாசர் அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தேரில் சாமி மாதிரி இரண்டு பக்கமும் கை காட்டினார்.

வீரம்மா கூட்டத்தோடு ஓரமாக நடந்து போனாள். நடந்தே கூடப் போக முடிந்தது, ஏனென்றால் வேகத் திலகம் மணிக்கு நாலு மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் வாத்தியம், அடுத்து சன்னாசி, அவருக்குப் பின்னால் உறுமிக்கொண்டு நாற்பது மோட்டார். தொப்புளுக்குக் கீழே சூடு ஏறி இளைஞர்கள் நெளிந்தார்கள். பத்து நிமிஷத்தில் அத்தனை பேரும் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு மோட்டார் நின்றுபோனது. ஒருவர் நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். கடைசியில் வந்த பழனியப்பனின் கார் ரேடியேட்டர் கொதித்து நின்றது; டாக்டர் இறங்கி நடந்தார். தவ்ஃபூ என்ற சோயாக்கட்டி விற்கும் ஒரு சீனக் கிழவர் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வேகத் திலகத்தைத் தாண்டிப் போனார். கூடையோடு நடந்துபோன பழைய லயத்துச் செல்லாயி அக்கா சன்னாசியோடு சமமாக வந்து பேச்சுக் கொடுத்தாள்.

"என்ன சன்னாசி, எங்க போற? வீரம்மா நல்லா இருக்காளா?"

சன்னாசியின் வாய் மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. முருகன் பெயரைச் சொல்கிறார் என்று கூட்டம் நினைத்தது. வீரம்மாவுக்கு மட்டும் உதட்டசைவு புரிந்தது. கால கீழ வைக்காத, கால கீழ வைக்காத. பாலம் ஏறும் மேட்டில் ஹோண்டா கப் இப்படியும் அப்படியும் ஆடியது. அவள் கைவிரல் தானாக மடங்கியது, இருக்கையைப் பிடிப்பதுபோல. அவர் விழவில்லை. இரண்டு மைல், அரை மணி நேரம், ஒரு தடவைகூட அவர் கால் தரையைத் தொடவில்லை.

மண்டபத்துக்குள் நடந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. முந்நூறு பேருக்கு மீஹூன் என்ற அரிசிச் சேமியா கிண்டுவது அவள் பொறுப்பு. மண்டபத்தின் பின்பக்கம் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு ஒலிபெருக்கியில் கேட்டாள். ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் வேகத்தைப் பற்றிப் பேச வந்து, கண்ணால் பார்த்ததை என்ன செய்வது என்று தெரியாமல் சமுதாய முன்னேற்றத்தைப் பற்றிப் பேசினார்கள். எட்டாவதாக அப்துல் நாசர் எழுந்தார்.

"வேகமா யாரு வேணும்னாலும் போகலாம். மோட்டரே போயிரும். மெதுவா போறதுதான் கஷ்டம். இன்னிக்கு நாப்பது எளவட்டமும் கால கீழ வச்சிருச்சு. இவரு வைக்கல. நா லோரிலேருந்து பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

மண்டபம் இடிந்துவிடும்போலக் கைதட்டியது. பிறகு துணைவியாருக்கு நன்றி சொன்னார்கள். "திருமதி சன்னாசி அவர்களே" என்றார்கள். பெயர் எழுதி வைத்த தாள் பழனியப்பனின் காரில் இருந்தது.

மறுவாரப் பத்திரிகை 'வேகத்தை அடக்கிய வீரர்' என்று எழுதியது. இந்தத் தடவை படமும் பெயரும் ஒரே ஆளுடையவை. அதன் பிறகு லாட்ஜுக்கு வருகிறவர்கள் தட்டு-கரண்டி வகுப்பைக் கேட்கவில்லை. மெதுவாக ஓட்டுவது எப்படி என்று கேட்டார்கள். பின்பக்கப் பாதையில் தோல் சட்டை போட்ட பேங்க்காரர்கள் ஆயிரம் சிசி மோட்டாரில் நத்தை மாதிரி ஊர்ந்தார்கள். இதைத் தாம் மக்காவ் பந்தயத்தில் கற்றுக்கொண்டதாகச் சன்னாசி சொன்னார். பிரேக்கைப் பற்றி முன்பு சொன்னதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. பாசாருக்கும் அவரே போக ஆரம்பித்தார். வாங்கின மீன் வீடு வந்து சேரும்போது முந்தின நாள் மீன் ஆகியிருந்ததால் அந்த வேலை மறுபடி வீரம்மாவிடமே வந்தது.

1987இல் ஒரு நாள் பாலத்தருகே போலீஸ் மறித்து வீரம்மாவிடம் மோட்டார் ஓட்டும் லெசென் கேட்டது. ஒன்பது வருஷமாக ஓட்டியும் அவளிடம் அது கிடையாது. யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. சோதனைக்குப் பெயர் கொடுத்தாள். ஓட்டத் தெரிந்தவளுக்குச் சோதனை என்ன பெரிய விஷயம் என்று போனாள். ஒரு நீளக் குறுகல் பலகையின் மேல் ஆற அமர ஓட்டிக் கடக்க வேண்டும். விருந்தாளிகள் எழுவதற்குள் மீன் வாங்கித் திரும்பியே பழக்கப்பட்ட கை அது. இரண்டு விநாடியில் பலகையைக் கடந்து அதிகாரியின் மேசையருகே போய் நின்றாள். அதிகாரி எழுந்து தள்ளி நின்றுகொண்டு, 'தோல்வி' என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சன்னாசி சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. கொல்லையிலிருந்து ஒரு பலகையை எடுத்துவந்து செம்மண் பாதையில் போட்டார்.

"ஏறு. ஆக்சிலேட்டர முறுக்காத. பின் பிரேக்க லேசா தொட்டுக்கிட்டே வா. கண்ணு பலகை முடியிற எடத்துல இருக்கணும், சக்கரத்துல இல்ல."

ஒரு மாதம் தினமும் காலையில் சொல்லிக் கொடுத்தார். பெருமை பேசவில்லை. மக்காவ் வரவில்லை. அவள் விழப்போனபோது இரண்டு தடவை ஓடிவந்து பிடித்தார், அந்த இரும்பு வைத்த காலோடு. அடுத்த சோதனையில் வீரம்மா பலகையை நிதானமாகக் கடந்தாள். லெசென் கையில் வந்தது.

அன்று சாயங்காலம் வராந்தாவில் சன்னாசி விருந்தினரிடம் சொன்னார். "இவளுக்கு மோட்டர் ஓட்டக் கத்துக் குடுத்ததே நாந்தான்."

போன வருஷம் செம்பனைப் பாதையில் அவர் விழுந்ததைப் பார்த்த அந்தச் சிங்கப்பூர்க்காரரும் அன்று வந்திருந்தார். அவர் வீரம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார். மற்றவர்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மாஸ்டர் கதை விடுகிறார் என்று எல்லோருக்கும் இப்போது தெரிந்திருந்தது.

"உண்மதான் தம்பி" என்றாள் வீரம்மா. "மெதுவா ஓட்ட இவருதான் சொல்லிக் குடுத்தாரு."

யாரும் நம்பவில்லை. அக்காவுக்கு எவ்வளவு பெருந்தன்மை என்று சொல்லிவிட்டு இன்னொரு கோப்பி கேட்டார்கள்.